வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள், வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிடலாமா?

வாசகர் கடிதம் (சுருக்கமாக):

"திருப்பூர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். 2018-19 நிதியாண்டில் என் சேமிப்புக் கணக்கில் 9,60,000 ரூபாய் ரொக்கமாகப் போட்டிருக்கிறேன். எல்லாம் கடையில் வந்த பணம்தான். அந்த ஆண்டுக்கு 38 லட்சம் விற்பனை, 3,20,000 வருமானம் என்று காலத்தோடு ரிட்டர்னும் போட்டாயிற்று. 2023 மார்ச்சில் அந்த ஆண்டுக் கணக்கை மறுபடி திறந்திருக்கிறார்கள். நோட்டீஸ் எல்லாம் முன்பு கணக்குப் பார்த்தவரின் இமெயிலுக்குப் போயிருக்கிறது, அவரோ தொழிலையே விட்டுவிட்டார். பதில் போகாததால் 2024 பிப்ரவரியில் 12,65,000 ரூபாய் சொச்சம் கட்டச் சொல்லி ஆணை போட்டிருக்கிறார்கள். போன மாதம் என் கரன்ட் அக்கவுன்ட் முடங்கிய பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும். அதில் 2,10,000 ரூபாய் இருக்கிறது. எனக்குச் சொல்லாமல் இப்படிச் செய்யலாமா? அடுத்து வீட்டை எடுப்பார்களா, என்னைக் கைது செய்வார்களா? வீட்டை மனைவி பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிடு என்கிறார் ஒருவர். இன்னொருவர் 30 சதவீதத்தில் பேசி முடித்துத் தருவதாகச் சொல்கிறார். தவணை கிடைக்குமா? மனைவியோடு சேர்ந்து வைத்திருக்கும் கணக்கையும், கல்லூரியில் படிக்கும் மகனின் கணக்கையும் தொடுவார்களா? போதாக்குறைக்கு, 2011-12 மதிப்பீட்டு ஆண்டுக்கு 8,200 ரூபாய் பாக்கி என்று வருமான வரி போர்ட்டலில் காட்டுகிறது."

அன்புள்ள நண்பருக்கு,

முதல் காரியமாக அந்தச் செட்டில்மென்ட் பத்திரத்தை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்களுக்கு யோசனை சொன்னவர் நினைப்பது இதுதான்: வீடு மனைவி பெயருக்குப் போய்விட்டால் வருமான வரித்துறை அதைத் தொட முடியாது. சட்டம் இதை வெகுகாலத்துக்கு முன்பே யோசித்து வைத்திருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 222ஆம் பிரிவில் ஒரு விளக்கம் உண்டு. வரி பாக்கி வைத்தவர் 1973 ஜூன் 1க்குப் பிறகு தன் மனைவிக்கோ, மைனர் பிள்ளைக்கோ, மருமகளுக்கோ, மகனின் மைனர் பிள்ளைக்கோ உரிய விலை வாங்காமல் எழுதிக்கொடுத்த சொத்தை, அவருடைய சொத்தாகவே கருதி ஜப்தி செய்யலாம் என்கிறது அது. ஆக, பத்திரச் செலவுதான் மிச்சம். அதோடு 281ஆம் பிரிவின்படி, வரி நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது முன் அனுமதி இல்லாமல் செய்த சொத்து மாற்றம் வரிக் கோரிக்கைக்கு எதிராகச் செல்லாது. இதைவிட மோசமானது 276ஆம் பிரிவு. வசூலைத் தடுக்கும் நோக்கத்தில் சொத்தை மறைத்தாலோ மாற்றினாலோ இரண்டு ஆண்டு வரை சிறை. இன்று உங்கள் மேல் இருப்பது வெறும் பணப் பாக்கி. அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் குற்ற வழக்குக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள்.

சரி, இனி உங்கள் நிலைமைக்கு வருவோம். பாக்கி வைத்தவர்கள் பெரும்பாலும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. வரித்துறையில் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. ஒன்று, நீங்கள் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று தீர்மானிப்பது. மற்றொன்று, தீர்மானித்ததை வசூலிப்பது. உங்கள் கணக்கை முடக்கிய வார்டு அதிகாரியிடம் (உங்கள் பகுதிக்கான வருமான வரி அதிகாரி) போய், "ஐயா, அது கடைப் பணம்தான்" என்று எவ்வளவு சொன்னாலும் அவரால் ஆணையை மாற்ற முடியாது. அவர் கையில் ஒரு தொகை இருக்கிறது, அதை வசூலிக்க வேண்டியது அவர் வேலை. அந்தப் பணம் கடைப் பணம்தானா என்று கேட்க வேண்டியவர் மேல்முறையீட்டு ஆணையர். ஆனால் அங்கே அப்பீல் போட்டாலும் வசூல் தானாக நிற்காது. அதனால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மனுப் போட வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு, "அப்பீல் போட்டும் பணத்தை எடுத்துவிட்டார்களே" என்று திகைத்து நிற்பவர்கள் ஏராளம்.

நீங்கள் கேட்ட கேள்விகளில் பாதி, எப்படிக் கட்டுவது என்பதைப் பற்றியது. கட்ட வேண்டியதுதானா என்று நீங்கள் கேட்கவே இல்லை. என் கவலை அதுதான்.

12,65,000 எப்படி வந்தது என்று பாருங்கள். நீங்கள் போட்ட 9,60,000 ரூபாயை 'விளக்கம் இல்லாத பணம்' என்று ஆணையில் வகைப்படுத்தியிருப்பார்கள். அப்படி வகைப்படுத்திவிட்டால் 115பிபிஇ என்ற பிரிவு வந்துவிடும். சாதாரண வரி விகிதம் கிடையாது. நேராக 60 சதவீதம் வரி, அதன் மேல் 25 சதவீத சர்சார்ஜ், அதற்கும் மேல் 4 சதவீத செஸ். மொத்தம் 78 சதவீதம். அதாவது 7,48,800 ரூபாய். பல ஆண்டுகள் கழித்து ஆணை வந்ததால் மீதி ஐந்து லட்சம் சொச்சமும் வட்டி.

உங்கள் ரிட்டர்ன் என்ன சொல்கிறது? 38 லட்சம் விற்பனை. அந்த விற்பனையில் ஒரு பகுதிதான் வங்கிக்குப் போன ரொக்கம் என்று காட்ட முடிந்தால், அது விளக்கம் இல்லாத பணமே அல்ல. அதன் லாபத்துக்கு நீங்கள் ஏற்கெனவே கணக்குக் காட்டிவிட்டீர்கள். சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு குறிப்பிட்ட பங்கை லாபமாகக் காட்டும் 44ஏடி பிரிவில் ரிட்டர்ன் போட்டிருந்தால் முழுக் கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்த ஆண்டின் ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள், கொள்முதல் பில்கள், இரண்டு வங்கிக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட், எந்தத் தேதியில் எவ்வளவு போட்டீர்கள் என்ற பட்டியல், இவற்றைத் திரட்டுங்கள். வாரா வாரம் சிறு சிறு தொகையாகப் போட்டிருந்தால் அது கடை வசூல் என்பதற்கு நல்ல அடையாளம். ஒரே நாளில் ஐந்து லட்சம் போட்டிருந்தால் கேள்வி வரும், அதற்குத் தனியாகப் பதில் தயார் செய்ய வேண்டும். ஆவணங்களைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாதுதான். ஆனால் நீங்கள் எழுதியபடியே இருந்தால், இந்த டிமாண்டின் (வரிக் கோரிக்கையின்) பெரும் பகுதி நிற்கக் கூடாத ஒன்று.

ஒரு குறிப்பு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம், 2026 ஏப்ரல் 1ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்டு வந்திருக்கிறது. புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. உங்களுடையது பழைய ஆண்டின் விவகாரம் என்பதால் பழைய எண்களையே சொல்கிறேன்.

இப்போது வசூல் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். டிமாண்ட் நோட்டீஸ் வந்து 30 நாளில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் 31ஆம் நாளிலிருந்து நீங்கள் சட்டத்தின் கண்ணில் 'தவறியவர்'. மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஓட ஆரம்பிக்கும், ஒரு நாள் கடந்தாலும் முழு மாதக் கணக்கு. உங்கள் தொகைக்கு மாதம் சுமார் 12,650 ரூபாய். 221ஆம் பிரிவில் தனியாக அபராதமும் போடலாம். அதன் உச்சவரம்பு பாக்கித் தொகையே. ஆனால் நியாயமான காரணம் காட்டினால் அந்த அபராதத்தைப் போடக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

"எனக்குச் சொல்லாமல் முடக்கலாமா" என்கிறீர்கள். 226ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு அதிகாரிக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. உங்களுக்குப் பணம் தர வேண்டிய எவருக்கும், அதாவது வங்கி, உங்களிடம் கடனுக்குச் சரக்கு வாங்கியவர், உங்கள் கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவர், இவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, "அவருக்குத் தர வேண்டியதை எங்களுக்குக் கட்டு" என்று சொல்லலாம். வங்கி மறுத்தால் வங்கியே பாக்கிதாரராகிவிடும். அதனால் மேனேஜரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் கையில் எதுவும் இல்லை. அந்த நோட்டீஸின் நகலை உங்கள் கடைசி முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. வந்ததா என்று பாருங்கள். வரவில்லையென்றால் மனுவில் ஒரு வரி எழுதுங்கள், ஆனால் அதையே முழு வாதமாக்காதீர்கள். கூடவே, அந்தக் கணக்கு ஓவர்டிராஃப்ட் அல்லது கேஷ் கிரெடிட் கணக்கா என்று பாருங்கள். வங்கிதான் உங்களுக்குக் கடன் கொடுத்திருக்கிறது என்றால், நீங்கள் இன்னும் எடுக்காத வரம்பு உங்கள் பணம் அல்ல. அதைப் பிடிக்க முடியாது என்று உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு.

கணக்கில் கிடைத்தது போதவில்லை என்றால் விஷயம் வரி வசூல் அதிகாரிக்குப் போகும். அவர் சான்றிதழ் ஒன்று வரைந்து, 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புவார். அந்த நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு அவர் அனுமதி இல்லாமல் எந்தச் சொத்தையும் விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. பிறகு ஜப்தி, அப்புறம் ஏலம். வீடு ஜப்தியானால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தகவல் போகும், வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். குடியிருக்கும் வீடு என்பதால் விலக்கு கிடையாது. விவசாயம் செய்து பிழைப்பவர், கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோர் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் அந்தச் சலுகை. ஜப்தியிலிருந்து எதெல்லாம் தப்பும் என்பதற்கு வரிச் சட்டம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவையே பின்பற்றுகிறது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், பிராவிடண்ட் ஃபண்ட், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, இவையெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தாலியைத் தொட மாட்டார்கள். உங்கள் கடைப் பாத்திரங்கள் வேறு, அவை சரக்கு.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்தியிலிருந்து ஏலம் வரை வழிநெடுக நோட்டீஸ் உண்டு, ஆட்சேபணை சொல்ல வாய்ப்பு உண்டு. நாளைக் காலையில் வந்து வீட்டைப் பூட்டிவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம்.

கைது விஷயத்தில் ஊர்ப் பேச்சு உண்மையை மிஞ்சிவிட்டது. பணம் இல்லை என்பதற்காக யாரையும் சிறையில் போட முடியாது. சொத்தை நேர்மையில்லாமல் மறைத்தார் அல்லது மாற்றினார், இல்லையென்றால் வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டவில்லை என்று வசூல் அதிகாரி எழுத்தில் காரணம் பதிய வேண்டும். முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் சிவில் சிறை, அதிகபட்சம் ஆறு மாதம். பெண்களையும் மைனர்களையும் இப்படிச் சிறையில் வைக்கவே முடியாது. நடைமுறையில் இது அரிதிலும் அரிது. உங்கள் விஷயத்தில் அதற்குக் காரணம் ஏதாவது உருவாக வேண்டுமென்றால், அது அந்தச் செட்டில்மென்ட் பத்திரத்தால்தான் உருவாகும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

போர்ட்டலில் உள்ளே போய், முதலில் உங்கள் சுயவிவரத்தில் இமெயிலையும் மொபைலையும் மாற்றுங்கள். இன்னும் பழைய கணக்காளருடைய இமெயில்தான் இருக்கிறது என்றால், நீங்கள் போடப்போகும் அப்பீலுக்கான நோட்டீஸும் அங்கேதான் போகும்! பிறகு ஆணையையும் டிமாண்ட் நோட்டீஸையும் இறக்கிக்கொள்ளுங்கள். 2019 அக்டோபர் 1க்குப் பிறகு துறையிலிருந்து வரும் கடிதங்களில் டிஐஎன் என்ற அடையாள எண் இருக்க வேண்டும், அது உண்மையானதா என்று போர்ட்டலிலேயே சரிபார்க்கலாம். வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பிப் பணம் பறிக்கும் கும்பல்கள் பெருகிவிட்ட காலம் இது. நிலுவைத் தொகைப் பக்கத்தில் "டிமாண்ட் சரியானது" என்ற பொத்தானைத் தயவுசெய்து அழுத்தாதீர்கள். ஒருமுறை ஒப்புக்கொண்டால் அங்கே பிறகு மறுக்க முடியாது. "உடன்படவில்லை" என்பதைத் தேர்ந்தெடுத்து, காரணமாக அப்பீலைக் குறிப்பிடுங்கள்.

அப்பீல் படிவம் 35இல், இணையத்திலேயே போடலாம். உங்கள் வருமான அளவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். காலக்கெடு 30 நாள், அது எப்போதோ முடிந்துவிட்டது. அதற்காகக் கதவு மூடிவிடவில்லை. போதுமான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு. இதில்தான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது. "எனக்குத் தெரியாது" என்று ஒரு வரியில் எழுதினால் தள்ளுபடியாகிவிடும். நோட்டீஸ்கள் போன இமெயில் யாருடையது, அவர் எப்போது தொழிலை விட்டார், உங்களுக்கு முதன்முதலில் எந்தத் தேதியில் எப்படித் தெரிந்தது, தெரிந்த நாளிலிருந்து என்ன செய்தீர்கள் என்பதைத் தேதிவாரியாகப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லுங்கள். முடிந்தால் அந்தப் பழைய கணக்காளரிடமிருந்தும் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். ஒரு விஷயம் கவனியுங்கள்: பழைய தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது, கணக்கு முடங்கிய நாளுக்குப் பிறகு ஆகும் தாமதத்துக்கு உங்களிடம் எந்தக் காரணமும் இல்லை. போன மாதமே தெரிந்துவிட்டது என்கிறீர்கள். ஆகவே இந்த வாரமே போடுங்கள்.

மதிப்பீட்டின்போது எந்த ஆவணமும் நீங்கள் கொடுக்காததால், இப்போது புதிதாகக் கொடுக்க 46ஏ விதியின் கீழ் தனி மனு வேண்டும். இதை மறந்துவிட்டு ஆவணங்களை மட்டும் ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. உங்களுக்குச் சாதகமான இன்னொரு விஷயம்: உங்களுடையது பதில் வராமல் போட்ட ஆணை. இப்படிப்பட்ட ஆணைகளை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பும் அதிகாரம், 2024 அக்டோபர் 1 முதல் மேல்முறையீட்டு ஆணையருக்கு மீண்டும் கிடைத்திருக்கிறது. அப்படி நடந்தால் இந்த டிமாண்டே விழுந்துவிடும், விசாரணை புதிதாகத் தொடங்கும்.

அப்பீல் போட்ட ரசீது கையில் வந்ததும், அதே நாளில் ஸ்டே மனு, அதாவது வசூலை நிறுத்தி வைக்கக் கேட்கும் மனு. இது போக வேண்டியது அப்பீல் அதிகாரிக்கு அல்ல, உங்கள் பான் எண்ணுக்கு உரிய வார்டு அதிகாரிக்கு. ஆணையை நேரில் சந்திக்காமல் இணையம் வழியாகவே விசாரிக்கும் முகம் தெரியாத முறையில் எந்த ஊரிலிருந்து போட்டிருந்தாலும் வசூல் உள்ளூர் வார்டின் பொறுப்புதான். போர்ட்டலில் அவர் யார் என்று காட்டும். இணையத்தில் அனுப்புவதோடு, நேரில் போய் நகல் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டேக்குத் துறையின் வழக்கமான நிபந்தனை, தகராறில் உள்ள தொகையில் 20 சதவீதம். 2016இல் 15 என்று வைத்து 2017 ஜூலையில் 20 ஆக்கினார்கள். உங்களுக்கு அது சுமார் 2,53,000 ரூபாய். வங்கியில் இருப்பது 2,10,000. அதை அவர்கள் எடுத்துவிட்டால், அந்தத் தொகையை 20 சதவீதத்தில் சேர்த்துக்கொண்டு, மீதி 43,000 ரூபாயைக் கட்டியதும் முடக்கத்தை நீக்க வேண்டும் என்று மனுவில் கேளுங்கள். கடை ஓட வேண்டும், ஓடினால்தான் வரியும் வரும் என்பதையும் எழுதுங்கள். அதிகாரிகள் மனிதர்கள்தான், சம்பளப் பட்டியலும் கரன்ட் பில்லும் இணைத்த மனுவை வெறும் கெஞ்சலைவிடக் கவனமாகப் படிப்பார்கள்.

20 சதவீதம் கல்லில் செதுக்கியது அல்ல. வழக்கின் தன்மையைப் பார்த்து அதற்குக் குறைவாகவும் ஸ்டே கொடுக்கலாம் என்று எல்ஜி எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. 1993ஆம் ஆண்டின் 1914 என்ற எண்ணுள்ள அறிவுறுத்தலும் ஒரு வழி சொல்கிறது. ஆணை அளவுக்கு மீறியதாக இருந்தாலோ, வசூலால் உண்மையான கஷ்டம் வரும் என்றாலோ மேலதிகாரி தலையிடலாம். நீங்கள் காட்டிய வருமானம் 3,20,000, அவர்கள் தீர்மானித்தது 12,80,000. நான்கு மடங்கு. இதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். வார்டு அதிகாரி மறுத்தால் முதன்மை ஆணையரிடம் மறுபரிசீலனை கேட்கலாம். ஆனால் ஒன்று, ஸ்டே இருக்கும் காலத்திலும் அந்த மாதம் 1 சதவீத வட்டி நிற்காது. அப்பீலில் தோற்றால் அதையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஜெயித்தால் வட்டியும் அதற்கேற்பக் குறையும், கூடுதலாகக் கட்டியது வட்டியோடு திரும்பும். அவர்கள் வாங்குவது மாதம் 1 சதவீதம், திருப்பிக் கொடுப்பது அரை சதவீதம். இது நியாயமா என்று கேட்காதீர்கள், எனக்கும் அந்தக் கேள்வி உண்டு.

264ஆம் பிரிவில் முதன்மை ஆணையரிடம் சீராய்வு மனு என்று வேறொரு வழியும் இருக்கிறது. கட்டணம் 500 ரூபாய், காலக்கெடு ஓர் ஆண்டு, தாமதத்தை மன்னிக்க அதிலும் இடமுண்டு. அப்பீலையும் அதையும் சேர்த்து நடத்த முடியாது. ஆவணங்களை வைத்து வாதாட வேண்டிய உங்கள் விஷயத்துக்கு அப்பீலே பொருத்தம் என்பது என் கருத்து. இரண்டும் கைகொடுக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. செலவு அதிகம், கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

தவணை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிடைக்கும். 220ஆம் பிரிவின்படி முதல் 30 நாளுக்குள் கேட்பதுதான் முறை. காலம் கடந்த பிறகும், விஷயம் வசூல் அதிகாரியிடம் போயிருந்தால் அவகாசம் கொடுக்க 225ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது, கொடுத்த அவகாசம் வரை அவர் வசூலை நிறுத்தி வைக்க வேண்டும். இத்தனை தவணைதான் என்று சட்டத்தில் எண்ணிக்கை இல்லை. கேட்கும்போது உங்களால் உண்மையாகக் கட்ட முடிந்த தொகையைச் சொல்லுங்கள். ஆர்வத்தில் மாதம் ஒரு லட்சம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு தவணை தவறினால் முழுத் தொகையும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும். உங்கள் வழக்கில் நான் தவணையை 20 சதவீதத்துக்கு மட்டும்தான் கேட்பேன். கட்ட வேண்டியதே இல்லாத 12 லட்சத்துக்குத் தவணை கேட்பது, அதை ஒப்புக்கொண்டதுபோல ஆகும்.

வட்டித் தள்ளுபடி என்றும் ஒன்று உண்டு. மாதம் 1 சதவீதம் ஓடும் அந்த வட்டியை மட்டும், உண்மையான கஷ்டம், கைமீறிய காரணம், விசாரணைக்கு ஒத்துழைப்பு ஆகிய மூன்றையும் காட்டினால் குறைக்கலாம் அல்லது நீக்கலாம். 50 லட்சம் வரைக்கும் முதன்மை ஆணையர் மட்டத்திலேயே முடிவெடுக்க 2024 நவம்பரில் சுற்றறிக்கை வந்தது. அப்பீலில் முழு வெற்றி கிடைக்காவிட்டால் அப்போது யோசிக்கலாம்.

இனி அந்த 30 சதவீத நண்பர். வேறு நாடுகளில் வரித்துறையோடு பேரம் பேசி அசலைக் குறைத்து முடிக்கும் ஏற்பாடு இருக்கிறது. இந்தியாவில் வருமான வரியில் அப்படி நிரந்தர ஏற்பாடு எதுவும் இல்லை. செட்டில்மென்ட் கமிஷன் என்று ஒன்று இருந்தது, 2021 பிப்ரவரி 1 முதல் மூடிவிட்டார்கள். நிலுவை வழக்குகளை முடிக்கும் விவாத் சே விஸ்வாஸ் திட்டம் 2024இல் இரண்டாம் முறை வந்தது, விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2025 ஏப்ரல் 30. 10 லட்சத்துக்கு உட்பட்ட சிறு தகராறுகளுக்குத் தகராறு தீர்வுக் குழு இருக்கிறது. உங்கள் 9,60,000 அதற்குள் வந்திருக்கும், ஆனால் ஆணை கிடைத்த ஒரு மாதத்துக்குள் போயிருக்க வேண்டும். ஆக, அவர் யாரோடு பேசி எதை முடிக்கப் போகிறார்? ஒன்று, உங்கள் பணம் போகும். இல்லையென்றால் லஞ்சம் கொடுத்தவராக நீங்கள் மாட்டுவீர்கள். போர்ட்டல் பாஸ்வேர்டை அவரிடம் கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

8,200 ரூபாய் விஷயம் எளிது. 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் பழைய சில்லறை டிமாண்டுகளைக் கைவிடுவதாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். 2010-11 மதிப்பீட்டு ஆண்டு வரை ஒவ்வொன்றும் 25,000 ரூபாய்க்குள், 2011-12 முதல் 2015-16 வரை 10,000 ரூபாய்க்குள், ஒருவருக்கு மொத்தம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி. உங்களுடையது அதற்குள் வருகிறது. இன்னும் போர்ட்டலில் தொங்கிக்கொண்டிருந்தால் குறை தீர்க்கும் பகுதியில் ஒரு புகார் போடுங்கள். அதைக் கட்டிவிடாதீர்கள், கட்டியது திரும்ப வராது.

இதைப் படிக்கும் சம்பளக்காரர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. உங்களுக்கு வரும் டிமாண்டுகளில் பல, டிடிஎஸ் (சம்பளத்தில் முன்கூட்டியே பிடித்த வரி) பொருந்தாததால் வருபவை. அதற்கு அப்பீல் வேண்டாம், 154ஆம் பிரிவில் திருத்த மனு போதும், நான்கு ஆண்டு வரை அவகாசம் உண்டு. கம்பெனி சம்பளத்தில் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டவில்லை என்றால், 205ஆம் பிரிவின்படி அந்த வரியை உங்களிடம் மறுபடி கேட்கக் கூடாது. சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். பழைய டிமாண்டில் உங்கள் ரீஃபண்டைக் கழிப்பதற்கு முன் 245ஆம் பிரிவில் அறிவிப்பு வரும், அதில் சொன்ன கெடுவுக்குள் பதில் போடாவிட்டால் கழித்துவிடுவார்கள்.

பாத்திரக் கடைக்காரருக்கே திரும்ப வருகிறேன். ஆணையோடு அபராத நோட்டீஸ்களும் வந்திருக்கும், பாருங்கள். அப்பீல் முடியும் வரை அபராத நடவடிக்கையை நிறுத்தி வைக்கக் கோரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் போட வேண்டும். அப்பீல் போட்டாயிற்றே என்று இதை விட்டுவிட்டால், பதில் இல்லாத இன்னொரு ஆணை வந்து நிற்கும்.

கடைசியாகக் குடும்பக் கணக்குகள். மனைவியோடு சேர்ந்து வைத்திருக்கும் கணக்கைத் துறை தொடலாம். அதில் இருவருக்கும் சம பங்கு என்று சட்டம் வைத்துக்கொள்ளும். முழுப் பணமும் மனைவி சம்பாதித்தது என்றால் அவர் அதை நிரூபித்து விடுவிக்கச் சொல்லலாம். அவருடைய சம்பளமோ தையல் வருமானமோ அந்தக் கணக்குக்கு வருகிறது என்றால் அவர் பெயரில் மட்டும் ஒரு கணக்கு தொடங்கி இனிமேல் வருவதை அதில் போடட்டும், அதில் தப்பில்லை. மகனின் கணக்கில் அவனுடைய கல்விக் கடனோ உதவித்தொகையோ இருந்தால் யாரும் தொட முடியாது. ஆனால் கரன்ட் அக்கவுன்ட் முடங்கிவிட்டதே என்று வாடிக்கையாளர்களிடம் மகனின் யுபிஐ எண்ணைக் கொடுத்துக் கடைப் பணத்தை அதில் வாங்க ஆரம்பித்திருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். உங்களுக்காக வேறொருவர் வைத்திருக்கும் பணத்தையும் அதே 226ஆம் பிரிவில் பிடிக்கலாம். அப்போது அவன் கணக்கும் முடங்கும், மறைத்தார் என்ற பழியும் உங்கள் மேல் வரும், அடுத்த ஆண்டு அவனுக்கே ஒரு நோட்டீஸ் போகும். முடக்கம் நீங்கும் வரை கடை வசூலை உங்கள் பெயரிலேயே வாங்கி, தினசரி கணக்கு எழுதி, ஸ்டே மனுவில் அந்தக் கணக்கின் நகலையும் இணையுங்கள்.